திடுக்கிட்ட இடம் நினைவுகூர்தல்: பொன்னமராவதி மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

பசி, காதல், கடன் ஆகிய மூன்றையும் குறித்துச் சாஸ்திரங்கள் பல இயற்றி வைத்த நம் முன்னோர், தொடர்கதையில் தாம் திடுக்கிட்ட இடத்தைப் பிறருக்கு எடுத்துரைத்து அவரையும் திடுக்கிடச் செய்யும் தொன்மையான வழக்கத்தைப் பற்றி ஒரு சூத்திரமேனும் செய்யாது விட்டது வியப்புக்குரியது. அவர்கள் காலத்தில் வாரப் பத்திரிகை இல்லை என்பதொன்றே அதற்குச் சமாதானமாகும். அக்குறையைப் போக்கும் பொருட்டு எழுந்த இவ்வாராய்ச்சிக்குப் பொன்னமராவதியைக் களமாகக் கொண்டதற்குக் காரணங்கள் இரண்டு. பக்கத்து மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை தோன்றியதும், மகிபாலன்பட்டியில் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்ததுமாகிய இவ்வட்டாரத்தில், தேநீர்க் கடை வம்பையும் ஆராய்ச்சி என்ற பெயரிலன்றி எழுதுவது மரியாதையாகாது என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம் முடிவுரையில் வெளிப்படும். தொடர்கதையைப் பற்றிய கட்டுரை இந்த நியாயத்தையேனும் கடைப்பிடித்தாக வேண்டும்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நூல், 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை ‘கல்கி’ இதழில் மணியத்தின் சித்திரங்களுடன் வாரந்தோறும் வெளிவந்து, ஐந்து பாகங்களாகவும் 293 அத்தியாயங்களாகவும் நிறைவுற்ற, ஆசிரியர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. சரித்திர நாவலென்று உலகம் ஒப்புக்கொண்டதனை இருள் சூழ்ந்த மாயக்கதைகளின் வரிசையில் வைப்பது தகுமோ என்று வினவுவார் உளராயின், அவர் அந்நூலிலிருந்து ஆந்தைக் குரலில் அழைத்துக்கொள்ளும் சதிகாரர்களையும், திருப்புறம்பயம் பள்ளிப்படையில் நள்ளிரவில் நடைபெறும் முடிசூட்டையும், கோடிக்கரைச் சதுப்பில் பூங்குழலி காட்டும் கொள்ளிவாய்ப் பிசாசுகளையும், வானத்து வால்நட்சத்திரத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்து, அதன்பின் தம் ஆட்சேபத்தை எழுப்புவாராக.

இந்நூலை முன்னிட்டு இவ்வூரார் நினைவுகூரும் திடுக்கங்கள் நான்கு வகைப்படும்.

முதலாவது அவிழ்ப்புத் திடுக்கம்; அதாவது, மூடியிருந்த ஒன்று திறக்கப்படுகையில் உள்ளே வேறொன்று இருக்கக் காண்பது. கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டத்தில் பெரிய பழுவேட்டரையர், தம் இளையராணி நந்தினி இருப்பதாக ஊரெல்லாம் நம்பிய மூடுபல்லக்கின் திரையை விலக்க, உள்ளிருந்து இளவரசர் மதுராந்தகர் வெளிப்படும் இடம் இதற்கு உதாரணம். இதை நினைவுகூர்வோர் சொல்லால் மட்டும் கூறுவதில்லை; தோளில் கிடக்கும் துண்டையோ, கையிலிருக்கும் தினசரியையோ திரையாகப் பிடித்து, கேட்போர் முகத்துக்கு நேரே சட்டென்று விலக்கிக் காட்டுகின்றனர். அவ்வாறு விலக்கியபின் அங்கே தெரிவது மதுராந்தகர் அல்லர், சொல்பவரின் முகமே என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று.

இரண்டாவது ஆவேசத் திடுக்கம். கடம்பூரில் தேவராளன் வெறியாட்டம் ஆடி, அரசகுல இரத்தம் பலியாக வேண்டுமென்று கேட்கும் இடத்தில் பட்டணத்து வாசகர் மெய்விதிர்த்துப் போகின்றார். பொன்னமராவதி வாசகரோ, ஆண்டுதோறும் பங்குனியில் கொன்னையூர் மாரியம்மன் சந்நிதியில் அருள் வந்து ஆடுவோரைக் குழந்தைப் பருவம் முதற்கொண்டே கண்டு தேர்ந்தவராதலின், அக்காட்சியைத் தொழில்முறையில் பரிசோதனை செய்கின்றார். “அருள் வந்தவன் இம்புட்டு விவரமாப் பேச மாட்டான், தம்பி. இவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்து ஆடவிட்டிருக்காங்க” என்று ஒரு பெரியவர் தீர்ப்பளித்தார். தேவராளனும் சதிகாரர் கூட்டத்தைச் சேர்ந்தவனே என்று கதை பின்னர் வெளியிடுவதை நோக்குமிடத்து, கல்கி பல அத்தியாயங்கள் கடந்து அவிழ்த்த முடிச்சை அப்பெரியவர் ஓர் அத்தியாயத்துக்குள்ளேயே அவிழ்த்துவிட்டார் என்பது புலனாகும். அதனால் அவர் திடுக்கிடும் பாக்கியத்தை இழந்தார் என்பதும் உடன் புலனாகும்.

மூன்றாவது பிரேதத் திடுக்கம். இறந்துவிட்டாளென்று சுந்தர சோழர் நம்பியிருக்கும் ஊமைப் பெண் மந்தாகினியின் ஆவியைப் போல் நந்தினி வேடம் புனைந்து, நோயுற்ற மன்னரை இரவில் அலறவைப்பதும், இறந்ததாகக் கருதப்பட்ட மந்தாகினியே உயிருடன் வந்து, மன்னர்மேல் எறியப்பட்ட வேலைத் தன் மேல் ஏற்று மெய்யாகவே இறப்பதும் இவ்வகையின் இரு கூறுகள். இதனை எடுத்துரைப்பவர் பெரும்பாலும் ஆச்சிமாரே. அவர்களுள் ஒருவர், பேய் வந்த இடத்தில் சிறிதும் குரல் மாறாமல், வேல் பாய்ந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்தி, “பேசத் தெரியாதவளுக்குத்தான் அப்பச்சி, அம்புட்டும் நடக்கும்” என்று முடித்ததைக் கேட்டபோது, பேயைக் காட்டிலும் நியாயமின்மையே அதிக அச்சம் தருவது என்ற உண்மை இவ்வாராய்ச்சியாளருக்கு விளங்கியது.

நான்காவதும் தலையாயதும் சம்சயத் திடுக்கம். கடம்பூர் மாளிகையில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் மாண்டு கிடக்கின்றான். கொன்றவர் யார் என்பதை ஐயந்திரிபறச் சொல்லாமலே நூல் முடிந்துவிடுகின்றது. காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தார் அவனைக் கொன்ற துரோகிகள் என்றும், அவர்தம் உடைமைகள் பறிமுதலாயின என்றும் கூறுகின்றது. கல்வெட்டே பெயர் சொல்லியிருக்கவும், எழுபதாண்டுக்கு மேலாக இவ்வழக்கு பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் வாய்தாவிலேயே இருந்து வருகின்றது. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வெளிவந்தபோது தீர்ப்புக் கிடைக்குமென்று எதிர்பார்த்த மூத்த வாசகர், கூடுதலாக ஒரு சந்தேகத்துடன் திரும்பினர்.

இனி, திடுக்கம் என்பது எங்கே உறைகின்றது என்னும் தத்துவ விசாரம். அது நூலின் வாசகத்திலேயே உறைகின்றது என்பது பூர்வபட்சம். இது பொருந்தாது, என்னெனில், ஒரே அத்தியாயத்தை வாசித்த இருவர் இருவேறு திடுக்கங்களைக் கூறுகின்றனர், சிலர் கூறுவது நூலிலேயே இல்லை. இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணமாக ஒரு பைண்டு புத்தகத்தைக் காட்டுவோம். வாராவாரம் இதழிலிருந்து கிழித்தெடுத்த தாள்களைத் தொகுத்துத் தைத்த அத்தொகுதி, ஒரு வளவு வீட்டின் மச்சிலே பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் இருந்தது. தைத்தவர் ஓரங்களை நேராக்கும் ஆர்வத்தில் வெட்டிய வெட்டில், பல பக்கங்களில் வரியின் கடைசி எழுத்துகள் போய்விட்டன. நந்தினி வாளை ஏந்தி நிற்கும் தாளின் மறுபுறம் தலைவலித் தைல விளம்பரம் பாதி. கரிகாலன் மரணத்துக்கு முந்திய பக்கத்து ஓரத்தில், நீல மையால் எவரோ ஒரு புண்ணியவான் கொலையாளியின் பெயரை எழுத, வேறொருவர் அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுத, மூன்றாமவர் இரண்டையும் அடித்து வைத்திருக்கின்றார். அத்தொகுதியை வாசித்து வளர்ந்தவர்கள், வெட்டுண்ட எழுத்துகளைத் தாமே நிரப்பிக்கொண்டும், ஓரத்து மையையும் மூலபாடமாகவே பாவித்தும், தமக்கெனத் தனியே ஒரு ‘பொன்னியின் செல்வன்’ வைத்திருக்கின்றனர்.

ஆகவே சித்தாந்தமாவது: திடுக்கத்துக்கு ஆசிரியர் இடுவது முதல் மட்டுமே, வட்டி, காத்திருப்பினால் விளைவது. பர்மாவில் கடை வைத்துத் தவணைக் கணக்கின் அருமையை அறிந்த குடும்பங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. வாரப் பத்திரிகைக் காலத்து வாசகர், ஒரு சுவரின்மேல் தெரியும் தலை யாருடையது என்பதற்கு ஏழு நாள் வட்டி கட்டினார். அந்த ஏழு நாளும் கடையிலும் கண்மாய்க் கரையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதைப் பற்றியே பேசி, வட்டிக்கு வட்டியும் ஏறவிட்டார். பைண்டு வாசகர் தாளைப் புரட்டி முதலை மட்டும் பெற்றுக்கொண்டார். திரையரங்கில் கண்டவருக்கோ இடைவேளை ஒன்றுதான் தவணை. மூத்தவர் பேசத் தொடங்கினால் மணிக்கணக்கில் பேசுவதும், இளையவர் “செம சீன், அண்ணே” என்ற மூன்று சொல்லில் அடங்கிவிடுவதும் ஞாபகசக்தியின் ஏற்றத்தாழ்வினால் அன்று. வரவு வைத்த தொகையின் வேறுபாட்டினால் ஆவன.

இறுதியாக, ஒதுக்கி வைத்த இரண்டாவது காரணம். பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலை கொண்ட கரிகாலனைப் பழிவாங்கிச் சோழ வம்சத்தையே பூண்டோடு அழிப்பதாக நாவலில் சபதம் செய்த சதிகாரர், கதை முடியும்போது அதைப் பாதியே நிறைவேற்றினர். ஏறத்தாழ 250 ஆண்டு கழிந்து, 1216-இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், சோழநாட்டின்மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டி, வீராபிஷேகமும் செய்துகொண்டு திரும்பும் வழியில் தங்கிய ஊர் பொன்னமராவதி. முடியிழந்த சோழன் மூன்றாம் குலோத்துங்கன், மனைவியும் மைந்தனும் உடன்வர, பாண்டியனின் சிம்மாசனத்தின் முன் வந்து நின்றது இவ்வூரில்தான். பழி முழுதும் தீர்வதற்கு இதைவிட வசதியான முகூர்த்தம் எந்தத் தொடர்கதை ஆசிரியருக்கும் வாய்க்காது. ஆனால் சுந்தரபாண்டியன் செய்ததென்ன? முடியையும் நாட்டையும் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டு போனான். அச்சதிகாரரான ரவிதாசன் கூட்டம் உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால், ஆந்தைக் குரல் எழுப்பவும் நா எழுந்திராது.

ஆகையால், அந்நூலில் உம்மை மிகவும் திடுக்கிடச் செய்த இடம் எது என்று வினவினால், பொன்னமராவதி வாசகர் எந்த அத்தியாயத்தையும் சொல்லாமல் தம் ஊர்ப் பெயரையே சொல்வது, ஆராய்ச்சி முறைக்கு முற்றிலும் முரணானது; வினவியது நூலைப் பற்றி, விடையோ நூலின் கதைக்கு இரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. எனினும், எதிர்த்தரப்பான சோழ வம்சத்தார் எவரும் ஆஜராகி மறுப்புத் தாக்கல் செய்யாமையால், அவ்விடை ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாகி நிலைபெற்றது.