ஒட்டுப் போடும் வித்தை: ஒரு மனு

அனுப்புநர்:
பாதி தூரம் ஓட்டியும் மீதி தூரம் தள்ளியும் போகும் ஒருவன்,
கம்மாபுரம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
இந்தச் சாலைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்
(எந்த அலுவலகத்தில் இருந்தாலும்).

பொருள்: டியூபுக்கு ஒட்டுப் போடும் முறையைச் சாலைக்கும் விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய மூன்று மனுக்கள். 2. எனது பின் டயர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பெறுநர் என்ற இடத்தில் தங்கள் பதவியின் பெயரை எழுதாததற்கு மன்னிக்கவும். மரியாதைக் குறைவு இல்லை, விவரக் குறைவுதான். எங்கள் தெரு பெரிய ரோட்டில் வந்து சேரும் இடத்தில், சிறுபாலத்தை ஒட்டி ஒரு குழி இருக்கிறது. முதல் மனுவோடு போன அலுவலகத்தில், “அது எங்க லிமிட்ல வராதுங்க” என்றார்கள். அவர்கள் கைகாட்டிய அலுவலகத்தில் ஒருவர் வரைபடத்தை விரித்து, பென்சிலால் எல்லைக்கோட்டைக் காட்டினார். கோடு சரியாகக் குழியின் நடுவே போனது. பாதிக் குழிக்கு எஸ்டிமேட் போட முடியாதாம். ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, இதர மாவட்டச் சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநிலச் சாலை என்று சாலைகளுக்குள் இத்தனை சாதி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். குழி மட்டும் சாதி பார்ப்பதில்லை. வருகிறவர் எல்லோரையும் ஒரே மாதிரி கவிழ்க்கிறது.

இந்த மனுவில் அந்தக் குழியை அடைக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. எனவே பயப்படாமல் மேலே படிக்கலாம்.

எனக்கு விருத்தாசலத்தில் ஓர் உரக்கடையில் கணக்கெழுதும் வேலை. வண்டி, ஸ்போக் வீல் வைத்த பழைய ஸ்பிளெண்டர். டியூப் டயர். விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு இந்த ரோட்டில் என்னென்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை. சுரங்கப் பக்கம் போய்வரும் டாரஸ் லாரி, ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர், வைக்கோல் வண்டி, பாதி ரோட்டை அடைத்து உளுந்தைக் காயப்போட்டுவிட்டுக் குச்சியோடு காவல் உட்கார்ந்திருக்கும் ஆயா. இவ்வளவுக்கும் ஒதுங்கி ஓரத்துக்குப் போனால், ஓரம் இருக்காது.

கணக்கெழுதுகிறவன் என்பதால் பஞ்சருக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தையிலிருந்து ஆவணி வரை ஏழு. இரண்டு, லாட ஆணி. ஒன்று, சீமைக்கருவேல முள். ஒன்று என்னவென்றே தெரியவில்லை. டயருக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தபோது விருத்தாசலம் பீங்கான் பொம்மையின் சுண்டுவிரல் மாதிரி இருந்தது. இந்த நான்கையும் உங்கள் பற்றில் எழுத மாட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அதிலும் லாட ஆணியைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்று செய்து பார்த்தாராம். மாட்டு டாக்டர் கொடுத்த வரத்தை மாட்டு லாடம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அது அவர்களுக்குள் உள்ள விஷயம்.

மீதி மூன்று பஞ்சர் தங்களுடையது.

முதல் தடவை டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கியபோது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் குமிழி கிளம்பியது. பஞ்சர் கடைத் தம்பி டயருக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, “ஆணி கீணி எதுவும் இல்லண்ணே. ரிம் கடிச்சிருக்கு” என்றார். குழியின் விளிம்பில் போய் இடிக்கும்போது டயர் நசுங்குகிறது. ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்கிறது. பாம்பு கடித்த தடம் போல இரண்டு ஓட்டை. காற்று குறைவாக இருந்தால் சுலபமாகக் கடிக்கும் என்பதால், “காத்து பாத்தீங்களா?” என்று என்னைத்தான் முதலில் கேட்டார். பார்த்திருந்தேன். முன்னால் 25, பின்னால் 28. ஆள் ஏறினால் பின்னுக்கு அதற்கும் மேலே.

இனி தாங்கள் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி.

தம்பி அந்த டியூபை முதலில் துணியால் துடைத்தார். ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுச் சொரசொரவென்று தேய்த்தார். கறுப்புத் தூசு வந்தது. அதை வாயால் ஊதினார். மறுபடி துடைத்தார். சொல்யூஷனைத் தடவி விரலால் பரப்பினார். பிறகு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கடை திறக்க நேரமாகிறது. “ஒட்டுப்பா” என்றேன். “சொல்யூஷன் காயணும்ணே. ஈரத்துல ஒட்டுனா நிக்காது” என்றார். காய்ந்த பிறகு பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார். காற்றடித்து மறுபடி தண்ணீரில் முக்கினார். குமிழி இல்லை. அப்போதும் விடவில்லை. இரண்டு ஓட்டை அடைத்த டியூபில் மூன்றாவது இருக்கிறதா என்று முழுச் சுற்றும் பார்த்தார். அறுபது ரூபாய்.

போன ஐப்பசியில் சாலைக்கு ஒட்டுப் போட்டதையும் நான் நின்று பார்த்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிப்பர் வந்து நின்றது. குழியில் முழங்கால் அளவு இல்லாவிட்டாலும் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு பாண்டு தார் ஜல்லியைக் கொட்டினார்கள். புஸ் என்று ஆவி வந்தது. மண்வெட்டியின் முதுகால் ஐந்தாறு தட்டு. ஒருவர் செல்போனில் போட்டோ எடுத்தார். டிப்பர் போய்விட்டது. நாலாம் நாள் குழி பழைய இடத்தில் இருந்தது. ஜல்லி மட்டும் வளைவு முழுக்கச் சிதறி, குழிக்குத் தப்பி வருகிறவர்களை வழுக்கி விழவைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒட்டுக்கு ஈரம் ஆகாது. இது கடையில் மூன்றாம் நாள் வேலை பழகும் பையனுக்குத் தெரியும்.

மூன்றாவது ரிம் கடிக்குப் பிறகு டியூபில் ஒட்ட இடமில்லை. டயரிலும் பட்டன் தேய்ந்து ஓர் ஓரத்தில் நூல் தெரிந்தது. புது டயர் வாங்கக் கிளம்பினேன். இந்த வகையில் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தாங்கள் மட்டும் சாலையைச் சரியாக வைத்திருந்தால் நான் டயரைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ளாமலே செத்திருப்பேன்.

டவுனில் ஒரு கடையில் டயர்கள் வாசலில், வெயிலில், மாலை மாதிரி தொங்கின. விலை குறைத்துச் சொன்னார்கள். தம்பி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்: பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், அதைப் பார். பார்த்தேன். 2219. அதாவது 2019-ஆம் வருடம் 22-வது வாரம் செய்தது. டயர் ஓடாவிட்டாலும் கிழடாகும்; வெயில் பட்டால் சீக்கிரமே ஆகும். விரலால் மடக்கியபோது பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. வேறு கடைக்குப் போனேன். 2.75-18, பின்னுக்கு ஆறு பிளை. பக்கத்தில் 48பி என்று இருந்தது. 48 என்றால் அந்த ஒரு டயர் 180 கிலோ தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். நம் சாலையை நினைத்துக்கொண்டு அந்த எழுத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

“தேயாத டயர் வேணுமாண்ணே, வழுக்காத டயர் வேணுமா?” என்பது தம்பியின் கேள்வி. ரப்பர் கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும், ஆனால் மழையில் பிடிப்பு குறையும். மிருதுவாக இருந்தால் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் முழுசாகச் சேர்ந்து வராது. தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிற, கார்த்திகை மழையிலும் ஓட்டியாக வேண்டிய ஆள் நடுவாந்தரமாக ஒன்றைப் பார்த்து எடுக்க வேண்டும். ரீபட்டன் டயர் பக்கமே போகக் கூடாது. புது டயருக்குள் பழைய டியூபைத் திணிக்கக் கூடாது. டியூப் வாங்கும்போது பியூட்டைல் என்று கேட்டு வாங்கினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ரிம் டேப் மக்கியிருந்தால் ஸ்போக் முனையே உள்ளிருந்து குத்தும், அதையும் மாற்ற வேண்டும். டியூப்லெஸ் இன்னும் நல்லது. ஆணி ஏறினாலும் ஆணியே அடைப்பாக நின்று, காற்று மெதுவாக இறங்கி, வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் என் ஸ்போக் வீலில் அது நிற்காது. அலாய் வீல் போட வேண்டும். அலாய் வீலோ உங்கள் குழியில் இறங்கினால் நெளியும், விரிசல் விடும். ஆக, எந்த வழியில் போனாலும் தங்களிடம்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று டயர் செய்கிறது. மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிகள். உலகத்துக்கே டயர் செய்து அனுப்பும் மாநிலம். அந்த டயரில் பிறந்த வாரம், தாங்கும் எடை, ஓடும் வேகம், ஐ.எஸ்.ஐ. முத்திரை, தேய்ந்தால் காட்டிக்கொடுக்கும் மேடு என்று சாதகமே எழுதியிருக்கிறது. அதே டயர் போய் இறங்கும் சாலையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு போர்டு. அதிலும் பெயின்ட் உதிர்ந்து, வேலை முடிந்த தேதியும் பராமரிப்புக் காலமும் போய், தொகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

சட்டமும் படித்தேன். மத்திய மோட்டார் வாகன விதி 94-இன்படி மொட்டை டயரோடு ஓட்டினால் குற்றம் என்னுடையது. மொட்டைச் சாலைக்கு? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையைத் தரப்படி போடாமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வெறும் ரிம் கடிக்கு இதில் இடமில்லை. தங்களிடம் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டுமானால் நான் முதலில் சாக வேண்டும். சிரிப்பதற்கில்லை: 2013 முதல் 2017 வரை நாடு முழுக்கச் சாலைக் குழிகளால் இறந்தவர்கள் 14,926 பேர் என்ற கணக்கு 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. எல்லையில் பலியானவர்களைவிட இது அதிகமாக இருக்கலாம் என்று நீதிபதிகளே சொன்னார்கள்.

இதற்கு வித்தை இல்லாமலும் இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக் குப்பையை உருக்கி ஜல்லியின் மேல் பூசித் தார் போட்டால் தண்ணீர் புகாது என்று செய்து காட்டி, 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பழைய டயரைப் பொடியாக்கித் தாரில் கலக்கும் முறையும் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு என் பங்காக, பின் டயரின் பாதியை இதே சாலையில் ஏற்கெனவே தேய்த்துக் கொடுத்துவிட்டேன். குழி அடைக்கத் தங்கள் தொழிலில் உள்ள முறையையும் விசாரித்தேன். குழியைச் சதுரமாக வெட்டு, தூசை ஊது, ஈரத்தைப் போக்கு, தார்க்குழம்பு தடவு, கலவையைப் போட்டு இறுக்கு. வார்த்தைக்கு வார்த்தை தம்பி டியூபுக்குச் செய்ததுதான்.

ஆக, வித்தை தங்களுக்கும் தெரியும். தம்பி போட்ட ஒட்டு பிரிந்தால் மறுநாள் காலை அவர் கடை வாசலில் நான் நிற்பேன். அது அவருக்கும் தெரியும். தங்கள் கடை எங்கே இருக்கிறதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எனவே பணிவுடன் கேட்டுக்கொள்வது: அந்தப் பென்சில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என இரண்டு பேரை ஒரு வாரப் பயிற்சிக்கு எங்கள் ஊர் பஞ்சர் கடைக்கு அனுப்பிவைக்கவும். கடைத் தம்பியிடம் பேசிவிட்டேன். கட்டணம் வேண்டாம் என்கிறார். ஒரே நிபந்தனை, காலையில் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் துடைப்பதும் தேய்ப்பதும் மட்டும்தான்; மூன்றாம் நாள்தான் சொல்யூஷன் டப்பாவைக் கையில் கொடுப்பார். கடைசி நாள் செய்முறைத் தேர்வைச் சிறுபாலத்தை ஒட்டி உள்ள குழியில் வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

இத்துடன் லாட ஆணி இரண்டும், ரிம் கடித்த டியூப் துண்டு ஒன்றும் இணைத்துள்ளேன். ஆணியைக் கவனமாக எடுக்கவும்.

கடை காலை ஆறரைக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வண்டி தள்ளுபவன்.