கேசரோல் சூத்திர விருத்தி

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்று முன்னோர் விதித்திருப்பதால், இவ்விருத்தியுரை தோன்றிய வரலாற்றை முதற்கண் கூறிவிடுகிறேன். மின்னசோட்டா மாநிலத்தில் என் மகள் வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்த எனக்கு, சன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடந்த ஒரு தை மாதத்துப் பிற்பகலில், அவள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வழியாக ஓர் ஆணை பிறந்தது. “அப்பா, நான் வர ஏழு மணி ஆயிடும். அலமாரில மக்ரோனி இருக்கு, பால் இருக்கு, சீஸ் இருக்கு. பாப்பாவைக் கேட்டுண்டு ஒரு கேசரோல் பண்ணிடுங்கோளேன். அரைமணி வேலைதான்” என்றாள். நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனிடம் சமையலை ஒப்படைப்பதில் உள்ள அபாயம், அவன் அடுப்பைப் பற்றவைக்கு முன்னரே அதற்கு ஒரு சூத்திரம் இயற்றிவிடுவான் என்பதே. அங்ஙனம் இயற்றப்பட்டது வருமாறு:

வெந்தன கலந்து மேல்ஒன்று மூடி
வெப்பினுள் வைத்தபின் சும்மா இருத்தல்
கேசரோல் என்னும் கிளவியின் பொருளே.

இனி, சொல்லாராய்ச்சி. கேசரி, உரல் என்னும் இரு தனித்தமிழ்ச் சொற்களின் புணர்ச்சியே இஃது என்று நிறுவிவிட வேண்டுமென்ற ஆசை எனக்கும் அரைநாழிகை இருந்தது. கேசரியை உரலில் இடுவார் உலகில் எவருமிலர் என்பதோடு, கேசரியே தனித்தமிழன்று என்பதும் நினைவுக்கு வரவே, வருத்தத்துடன் அதனைக் கைவிட்டேன். மெய்யாக இது பிரெஞ்சு மொழியில் ஒரு பாத்திரத்தின் பெயர். பாத்திரத்தின் பெயர் அதில் சமைந்த உணவுக்கு ஆகி வந்தமையின், இடவாகுபெயர் எனக் கொள்க. நம் ஊர்க் கடைகளிலோ, சப்பாத்தி ஆறிப்போகாமல் காக்கும் மூடிபோட்ட பெட்டிக்கே இப்பெயர் வழங்குகிறது. கடல் கடந்து வந்த சொல் வழியில் உணவையும் அடுப்பையும் தொலைத்து, மூடியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த விந்தையை மொழிநூலார் தனியே ஆராய்வாராக. மின்னசோட்டா மக்கள் இவ்வாகுபெயரையும் ஏற்காமல், ‘ஹாட்டிஷ்’, அதாவது சூடான பதார்த்தம், என்று காரணப்பெயர் இட்டு வழங்குகின்றனர். வெளியே நீர் உறைந்து கிடக்கும் நாட்டில் ஓர் உணவைப் பற்றிச் சொல்லத்தக்க தலைமையான செய்தி அது சூடாக இருக்கிறது என்பதே ஆதலின், இக்காரணம் பொருத்தமுடையதேயாம்.

அடுத்து, பிரமாணங்கள். மக்ரோனி இனத்தைச் சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொணர்ந்தான் என்று கூறுவாருளர். அக்கதையைப் பரப்பியது 1929இல் அமெரிக்காவில் வெளிவந்த மக்ரோனி வணிகர்களின் பத்திரிகை. போலோ வெனிஸுக்கு மீண்டது 1295இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154இல், அல் இத்ரீசி என்னும் அரபுப் பூகோள நூலார், சிசிலித் தீவில் உலர்ந்த மாவிழைகள் செய்யப்பட்டுக் கப்பலேறுவதைப் பதிவு செய்துவிட்டார். ஆகலின் அக்கதை விளம்பரமேயன்றிச் சரித்திரமன்று. இனி, மாவுத் துண்டங்களைப் பாலாடைக்கட்டியோடும் வெண்ணெயோடும் அடுக்கும் வழக்கத்துக்கு, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் மடைத்தொழிலாளர் தொகுத்த சுவடியே சான்று. அமெரிக்காவிலோ, குடியரசுத் தலைவர் ஜெபர்சன் 1802இல் அளித்த விருந்தொன்றில் ‘மக்ரோனி’ என்ற பணியாரம் பரிமாறப்பட்டதையும், அதை உண்ட மனாசே கட்லர் என்பார் அதில் வெங்காயம் இருப்பதாகக் கருதி முகம் சுளித்ததையும் அவருடைய நாட்குறிப்பு தெரிவிக்கிறது. ஆதியில் அரசர்க்கும் அதிபர்க்கும் உரியதாக இருந்த இப்பதார்த்தம் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில் ஏழைகளின் இல்லங்களிலும் பெரிதும் வழங்கியது. 1930இல் மின்னசோட்டாவின் மன்கேட்டோ நகரத்து லூத்தரன் திருச்சபை மகளிர் வெளியிட்ட சமையல் நூலில் ஹாட்டிஷ் இடம்பெற்றது. 1937இல் கிராப்ட் நிறுவனம் நால்வர் உண்ணப் போதுமான மக்ரோனியையும் பாலாடைக்கட்டிப் பொடியையும் ஒரே பெட்டியில் இட்டு 19 சென்டுக்கு விற்றது. ‘மலிவு’ என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவோர் தேடிக்கொள்க.

இனிச் சூத்திரத்தின் சொற்களுக்குப் பொருள் உரைப்பாம்.

‘வெந்தன’ என்றமையால் மக்ரோனியும் வெங்காயமும் கொள்ளப்படும். அரைப் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 225 கிராம் வளைந்த மக்ரோனியை உப்பிட்ட கொதிநீரில் வேகவிடுக. ஆயினும் பெட்டியின்மீது அச்சிட்ட காலத்துக்கு இரண்டு நிமிடம் முந்தியே வடித்துவிடுக. முற்ற வெந்ததை மறுபடி அடுப்பினுள் வைத்தால், குழம்பின் நீரை மேலும் குடித்துத் தன் வளைவையும் மானத்தையும் ஒருங்கே இழந்துவிடும். மக்ரோனியின் மூலமோ டியூரம் என்னும் கடுங்கோதுமையின் ரவை. நம் உப்புமா ரவைக்கு நெருங்கிய தாயாதி. எனவே இப்பதார்த்தத்தை அந்நியம் என்று விலக்குவார், பங்காளியை வாசலில் நிறுத்திய பாவத்துக்கு ஆளாவர்.

‘கலந்து’ என்றமையால் புணர்ச்சி கூறப்பட்டது. நிலைமொழி மக்ரோனி, வருமொழி பால். இவ்விரண்டும் நேரே சேர்ந்தால் ஒன்றையொன்று ஏற்காமல் விட்டிசைக்கும். சீஸை இட்டு நேரே கொதிக்கவிட்டாலோ நெய் தனியே பிரிந்து மிதக்கும். ஈருயிர் அடுத்து நிற்குமிடத்து உடம்படுமெய் வருமென்பது இலக்கணமாதலின், இங்கும் ஓர் உடம்படுமெய் வேண்டும். மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, நறுக்கிய வெங்காயத்தை அதில் வதக்கி, அதே அளவு மைதாவைத் தூவிப் பச்சைவாசனை போகக் கிளறி, இரண்டரைக் கோப்பை பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டிதட்டாமல் காய்ச்சுவதே அது. பின்னர் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய செடர் சீஸ் இரண்டு கோப்பையும், உறைபெட்டியில் கிடந்த பட்டாணி ஒரு கோப்பையும், உப்பும் மிளகுப்பொடியும் சேர்க்க. மைதாவின் மாச்சத்து நீரைப் பிடித்து நிறுத்துவதால் நெய் பிரியாது. இவ்வளவும் செய்ய நேரமில்லாதார் காம்பெல் நிறுவனம் 1934இல் வெளியிட்ட காளான் சூப்பு டப்பியொன்றைத் திறந்து கவிழ்த்துவிடுவர். ‘லூத்தரன் பசை’ என்று அப்பிரதேசத்தார் அதனைப் பரிகாசம் செய்வர். பசை எனினும் உடம்படுமெய் எனினும் ஒக்கும்.

புணர்ச்சியில் நிகழும் விகாரங்கள் மூன்று. பால் குழம்பாதல் திரிதல், மேலே பொன்னிற ஓடு உண்டாதல் தோன்றல், கருகுதல் கெடுதல். ‘மேல்ஒன்று மூடி’ என்றது தோன்றலைக் கருதி. பழைய ரொட்டித்துண்டு இரண்டை உதிர்த்து வெண்ணெயில் பிசறித் தூவுக. இங்குள்ளார் உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கித் தூவுவதும் உண்டென்ப. அது புறனடையாற் கொள்க.

‘வெப்பினுள் வைத்தபின்’: கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு 350 பாரன்ஹீட், அதாவது சுமார் 175 செல்சியஸ் வெப்பத்தில் 25 நிமிடம் வைக்க. இவ்விடத்தில் பத்து வயதுப் பேத்தி, “தாத்தா, அவன்ல வச்சுட்டேளா?” என்று வினவினாள். அஃறிணையாகிய ஓர் இரும்புப் பெட்டியை உயர்திணை ஆண்பால் ஒருமையால் சுட்டுவது திணைவழு என்று கண்டிக்க வாயெடுத்த நான், சூத்திரத்தின் அடுத்த சொல்லை நோக்கியதும் வாளா அமைந்தேன்.

அச்சொல் ‘சும்மா இருத்தல்’. இதன்கண் ஓர் ஆட்சேபம் எழும். நீர் கொதிக்கப் பத்து நிமிடம், வேக ஆறு, குழம்புக்குப் பத்து, உள்ளே 25. ஆக ஏறக்குறைய 50 நிமிடம் செல்லும் ஒன்றை ‘அரைமணி வேலை’ என்றது பொய்யாகாதோ எனின், ஆகாது. என்னை? காலம் வேறு, வேலை வேறு ஆதலின். நம் உப்புமா 15 நிமிடத்தில் முடியினும், அப்பதினைந்து நிமிடமும் கரண்டி பிடித்தவனுடைய கை கரண்டியை விட்டு அகலலாகாது. கேசரோலோ ஐம்பதில் இருபத்தைந்தைச் சமைப்பவனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எனவே விரைவு என்பது காலத்தின் சுருக்கமன்று. அக்காலம் யாருக்கு உரியது என்பதே. சும்மா இருப்பதே பெறற்கரிய பேறென்று நம் ஞானிகள் தேடியலைந்த நிலையை, இந்நாட்டு இல்லத்தரசியர் ஒரு குமிழைத் திருகிப் பெற்றுவிட்டனர். அவர்களைக் கேட்டால், எல்லாம் அவன் செயல் என்று அடக்கமாகச் சொல்லிவிடுவர்.

இதனால் இப்பதார்த்தத்தின் திணையும் பெறப்படும். பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஆயர்க்குரிய கருப்பொருள், சிறுபொழுதோ மாலை, உரிப்பொருள் இருத்தல். ஆகவே கேசரோல் முல்லைத்திணைக்கு உரியது. கார் வரவேண்டிய இடத்தில் பனி வந்ததும், தலைவன் வரவை நோக்கித் தலைவி இருக்கவேண்டிய இடத்தில் மகள் வரவை நோக்கித் தந்தை இருந்ததும் திணைமயக்கம் எனக் கொள்ளின் வழுவின்று.

அப்படி இருந்தேன். உள்விளக்கின் ஒளியில் ஓரங்கள் கொப்புளித்தன. வெண்ணெய் மணம் கூடத்துக்கு வந்தது. பேத்தி வீட்டுக்கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே தெருவிளக்கின்கீழ் மறுபடி பனி விழத் தொடங்கியது. மேற்கண்ட பத்தியைச் செம்மைப்படுத்தும் ஆர்வத்தில் நான் மணியோசையைக் கேளாதிருந்தமையால், கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் கெடுதல் விகாரம் நிகழ்ந்துவிட்டது. ஏழு மணிக்குக் கதவு திறந்தது. காலணியில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்த மகள், கருகிய மூலையைப் பார்த்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் கரண்டியை எடுத்தாள். “அம்மா, அந்த மூலை எனக்கு!” என்று பேத்தி ஓடிவந்தாள். தாயும் மகளும் வாதாடி நான்கு மூலைகளையும் இரண்டிரண்டாகப் பங்கிட்டுக்கொள்ள, குற்றமற்ற நடுப்பாகம் முழுவதும் உரையாசிரியனுக்கு வந்து சேர்ந்தது.

ஆதலின், கெடுதலைக் குற்றங்களுள் வைத்து எண்ணியது இம்முதற்பதிப்பின் பிழை; இரண்டாம் பதிப்பில் அது குணங்களுள் தலையாயதாகச் சேர்க்கப்படும்.