லவ் பேர்ட்ஸுக்குப் பின்னால் ஏரி தகுமா?

பழவேற்காட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர் அதைப் படமாக வரையக் கொடுத்தால், பின்னால் ஏரியும் பூநாரைக் கூட்டமும் வேண்டுமென்று கேட்பது இயல்பு. கணக்கும் வரலாறும் இதை ஒருசேர மறுக்கின்றன என்பதே இவ்வாய்வின் துணிபு. உரிய பின்னணி கூண்டு மாட்டியிருக்கும் சுவர்தான். அதில் ஆணி இருந்தால் ஆணியும் வரையப்பட வேண்டும். கணக்கு எளிது. பூநாரை நாலடி உயரம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்குவதில் பெரும்பகுதி ஏழு அங்குல ஆஸ்திரேலியப் பறவை. முன்னால் இது பெரிதாக, பின்னால் பூநாரை கொசு அளவில் என்று வரைந்தால், ஏரியை வாளித் தண்ணீர் என்றே பார்ப்பவர் எண்ணுவார்.

வரலாறு இன்னும் கறாரானது. 1613-ல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், இங்கே வெடிமருந்தும் தயாரித்தார்கள். அவர்கள் நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1654-ல் காரல் ஃபப்ரீசியுஸ் ஒரு வளர்ப்புக் குருவியை வரைந்தார்: காலில் சங்கிலி, தீனிப்பெட்டி, பின்னால் வெளிறிய சுவர், அதில் குருவியின் நிழல். அவ்வளவுதான். அதே ஆண்டு அந்நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஓவியர் மாண்டார்; அதைப் பழவேற்காட்டு மருந்தோடு முடிச்சுப் போடும் ஆசையை ஆய்வு நெறி கருதி அடக்கிக்கொள்கிறோம். வெறும் சுவர் ஏழ்மைக் கோலம் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கா ஏழ்மை? கோவாவிலிருந்து 1612-ல் அவருக்கு வந்துசேர்ந்த வான்கோழியை வரைந்த அவரது அவை ஓவியர் மன்சூர், பின்னால் அரண்மனையையும் போடவில்லை, கோவாக் கடலையும் போடவில்லை.

சுவரை ஒப்புக்கொண்டால் போட்டோ தேர்வு பாதி முடிந்தது. மேலிருந்து எடுத்ததைத் தள்ளுக. பறவையின் கண்மட்டத்தில், பக்கவாட்டில், கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய எடுத்ததைக் கொள்க. செல்போனை முகத்தருகே கொண்டுபோனால் அலகு புடைத்துத் தலை சிறுத்துவிடும். ஃபிளாஷ் போட்டால் இறகின் பச்சை வெளுக்கும். அந்தப் பச்சையில் மஞ்சள் மட்டுமே நிறமி, நீலம் இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. சுவருக்கு நீலம் அடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. பொதுவாக வளர்ந்த ஆணுக்கு மூக்குச் சதை நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. சுவரின் சாயல் மூக்கில் விழுந்த போட்டோவை நம்பும் ஓவியர் பெட்டையை ஆணாக்கிவிடுவார்.

பச்சைக்கிளி வளர்ப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். சொந்தச் சுவரோடு வரைந்து மாட்டினால் வனத்துறைக்கு வேறு சாட்சி தேவைப்படாது. ஏரியைக் கேட்க நியாயமான காரணம் உள்ளவர்கள் இவர்கள்தான்.