இரட்டைச் சொல் நிபுணர்

கலெக்டர் கச்சேரியிலோ தாலுகா ஆபீஸிலோ ஹெட் கிளார்க்காக அமர்ந்து, பிறர் எழுதிய நகல்களைச் சிவப்புப் பென்சிலால் திருத்தித் திருத்தியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, பென்ஷன் வாங்கிய பிறகும் அந்தப் பென்சிலைச் சர்க்காரிடம் ஒப்படைக்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட மகானுபாவர் ஒருவர் எந்த ஊர்த் தெருவிலும் இருப்பார். ஒன்றுபோல் ஒலித்து வேறு வேறாக எழுதப்படும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்து வைப்பதே அவருடைய நித்திய கர்மானுஷ்டானம்.

மற்றவர்கள் பத்திரிகையைச் செய்திக்காகப் படித்தால் இவர் பிழைக்காகப் படிப்பார். மந்திரிசபை கவிழ்ந்த தினத்தன்றுகூட, சபையைக் குறிக்கும் ‘கவுன்சில்’ நடுவில் ‘ஸி’ இல்லாமல், ஆலோசனையைக் குறிக்கும் கவுன்சிலைப் போல ‘எஸ்’ஸோடு அச்சாகிவிட்டதே என்பதுதான் அவருடைய விசாரம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாலோ, முகூர்த்தம் என்றைக்கு என்று கேட்கமாட்டார், அடியில் உள்ள ‘பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ்’ஸில் விரலை ஊன்றி, “நடுவில் ‘ஐ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’ போட்டிருக்கிறீரே, வாழ்த்த வந்த பந்துமித்திரர்களையெல்லாம் வெறுமே இடத்தை நிரப்ப வந்தவர்களாக ஆக்கிவிட்டீரே!” என்று அங்கலாய்ப்பார்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன், ஸ்டேஷனரி குமாஸ்தா வேலைக்கு எழுதிய மனுவைக் கடைசித் தேதியன்று அவரிடம் காட்டப் போனான்.

“தம்பி, காகிதம், பேனா, மசிக்கு உரிய ஸ்டேஷனரிக்கு ‘ஈ’; நீ போட்டிருக்கும் ‘ஏ’, இருந்த இடத்தைவிட்டு அசையாததற்கு உரியது. அசையாத குமாஸ்தாக்களை நான் சர்வீஸ் முழுவதும் பார்த்தாயிற்று. ஆனால், தானாகவே அப்படி எழுதிக்கொடுத்தவன் நீ ஒருவன்தான்!”

“சரி ஸார், திருத்திவிடுகிறேன்” என்று பையன் எழுந்தான். ஆனால் கல்லூரித் தலைவருக்குரிய பிரின்சிபலையும் கொள்கைக்குரிய பிரின்சிபிளையும், ‘அஃபெக்ட்’டையும் ‘எஃபெக்ட்’டையும் வித்தியாசம் காட்டி முடிப்பதற்குள், தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இச்சொற்கள் சிருஷ்டி காலத்திலிருந்தே பகை கொண்டவை என்பது அவருடைய சித்தாந்தம். உண்மையில் அவற்றுள் பல, உடன்பிறந்தவை. மத்திய கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புஸ்தகம் விற்றவரே ‘ஸ்டேஷனர்’. அவர் கடைச் சரக்கே ஸ்டேஷனரி. ஆகவே அசையாமையும் காகிதமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பூவைக் குறிக்கும் ‘ஃப்ளவரு’ம் மாவைக் குறிக்கும் ‘ஃப்ளவரு’ம் ஆதியில் ஒரே சொல்லாக இருந்தவை, 1755-ல் வெளிவந்த ஸாமுவேல் ஜான்ஸனின் பேரகராதியும் அவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. இதை அவரிடம் விண்ணப்பித்துக்கொண்டபோது, “ஜான்ஸன் என்னிடம் வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன்” என்று தீர்ப்பளித்தார்.

இத்தகைய கண்டிப்புக்காரர், தம் வீட்டு மாடியில் ஓர் அறை காலியானபோது, ‘மாடி அரை வாடகைக்கு விடப்படும்’ என்று தம் திருக்கரத்தாலேயே பலகை எழுதித் தொங்கவிட்டார். பாதி வாடகைக்கு முழு மாடியையும் கேட்டு வந்த கிருகஸ்தர்களுக்குப் பதில் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது. பெரிய ‘ற’ போடவேண்டிய இடத்தில் சின்ன ‘ர’ விழுந்திருப்பதை ஒருவர் எடுத்துக்காட்ட, “தமிழ்தானே, எந்த ‘ர’வாக இருந்தால் என்ன?” என்று கோபித்துக்கொண்டார்.

ஆயினும் அவரை உதாசீனம் செய்வதற்கில்லை. ஒற்றை எழுத்துப் பிசகுக்காக மனுவை ஒதுக்கிவைக்கும் அதிகாரிகள் இருக்கும்வரையில் அவருடைய சிவப்புப் பென்சில் உலகத்துக்கு உபகாரமே. உங்கள் மனுவையும் அவசியம் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஆனால், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே காட்டிவிடுங்கள்.