டப்பா மாவும் கஞ்சித் தண்ணியும்

விடியக்காலம் ஆரிய கவுடா ரோட்டுல தடதடன்னு ஓடுறியே, யாருடா தொரத்துறா? யாருமில்லியாம். ஜனவரியில சென்னை மாரத்தானாம். ஓடு பேராண்டி, நல்லா ஓடு. ஓடிட்டு வந்து என்னாத்தத் திங்கிறே, அதச் சொல்லு.

துரைசாமி சப்வே தாண்டிப் போயி தி.நகர்ல வாங்கினேன்னு ஒரு டப்பாவக் காட்டுறே. வெலையக் கேட்டா எனக்கே மூச்சு வாங்குது. 'வே புரோட்டீன் தாத்தா'ங்கிறே. அது என்னன்னு தெரியுமா? பாலு திரிஞ்சா மிஞ்சுற தண்ணி. பனீர் கட்டிட்டு உங்கம்மா சிங்க்குல ஊத்துறாளே, அதைக் காயவச்சு வித்திருக்கான்.

ஒடனே, கெழவன் கஞ்சியும் ஊறுகாயும் போதும்பான்னு நெனைக்காத. 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை ஓட்டத்துல நம்ம பி.டி. உஷா 55.42 செகண்டு. மூணாவதா வந்த ருமேனியாக்காரி 55.41. வெண்கலம் போச்சு. அரிசிக் கஞ்சியும் கடுமாங்காயுந்தான் சாப்பாடு, கடைசி 35 மீட்டர்ல தெம்பு இல்லன்னு அந்தம்மாவே பின்னால சொன்னாங்க. கஞ்சிய நான் வையல. கூட ரெண்டு முட்ட இருந்திருந்தா?

கடுமையா ஓடுறவனுக்கு எடையில கிலோவுக்கு 1.2லேருந்து 2 கிராம் வரைக்கும் தெனம் புரதம் வேணுமாம். நீ 60 கிலோ. 72 கிராம்ல ஆரம்பம். 100 கிராம் வேர்க்கடலையில 25 கெடக்கு, ஒரு முட்டையில 6. பாலு, பருப்பு, சுண்டல்னு வேளைக்குக் கொஞ்சமாப் போட்டுக் கூட்டிப் பாரு, வந்துடும்.

ஆனா உனக்குச் சோத்தக் கண்டாத்தானே பயம்! கார்ப்பாம். கென்யாக்காரன் மக்காச்சோளக் களியத் தின்னுட்டு, சக்கர போட்ட பால் டீயக் குடிச்சிட்டுத்தான் ஊரு ஊரா ஜெயிக்கிறான். நீ என்னடான்னா 20 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து வெள்ளரிக்கா ரெண்டு துண்டு கடிக்கிறே. வெறகே வைக்காம அடுப்ப ஊதுனா எரியுமா? வந்த சூட்டோட அஞ்சாறு இட்லி தின்னுடா. உப்பு போட்ட நீர்மோர் ஒரு சொம்பு குடி. அதுக்கும் தண்ணியில நுரைக்கிற மாத்திர வாங்குறியே, நுரையப் பாக்கவா காசு?

இதுல கையில ஒரு கடியாரம் வேற. 'ரெகவரி கம்மி'ன்னு காட்டுதாம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரெகவரி எப்பிடிப் பண்றதுன்னு செல்லுல வீடியோ பாத்தவனுக்கு, அது வேற என்னடா காட்டும்?