பெயர்ந்து வந்த வீடு

கேள்வி: கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனரில் உள்ள பெங்ஹுலு (ஊர்த்தலைவர்) அபு செமான் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக எண்ணம். கெடாவிலிருந்து பெயர்த்து வந்ததாமே, அசல்தானா? (வாசகர், ஷா ஆலம்)

பதில்: அசலேதான். 1910களில் தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை பகுதி பகுதியாக எழுந்த மரவீடு. கழுந்தும் துளையுமாகக் கோத்தது என்பதால் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். 1990களில் மரபுக் கட்டடங்களைக் காக்கும் பாடான் வாரிசான் மலேசியா அமைப்பு அதைத்தான் செய்தது. சொந்த மண்ணை விட்டு வந்த வீட்டில் உயிர் ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, கெடாவின் வயல்காற்று கோலாலம்பூருக்கு வராது. ஆனால் சிதிலமாகிக் கிடந்த வீடு அங்கேயே விடப்பட்டிருந்தால் தொட்டுப் பார்க்க ஒரு தூண்கூட மிஞ்சியிருக்காது. இடம் பெயர்ந்தும் வேர்விடலாம் என்பது கடல் தாண்டி வந்த நமக்குத் தெரியாததா? வழிகாட்டி இருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போனதும் முதலில் வீட்டுக்கு அடியில் குனிந்து, உத்திரம் தூணுக்குள் புகும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.