பச்சை உணவில் முட்டையின் இடம்: நாய், பூனை குறித்த ஓர் ஆய்வு

பச்சை முட்டை என்பது ஓட்டுக்குள் அடைபட்ட, சுமார் 50 கிராம் எடையுள்ள கருத்து வேறுபாடு. பச்சை இறைச்சியும் எலும்பும் கொண்ட உணவுமுறையை ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் நூலெழுதிப் பரப்பியது முதல், முட்டையை அப்படியே கிண்ணத்தில் உடைத்து ஊற்றலாமா என்பதில் அறிஞர் உலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. நாய்க்குலம் மட்டும் தொடக்கம் முதலே ஒருமித்த கருத்தில் இருக்கிறது.

மறுப்பாளரின் முதல் ஆயுதம் அவிடின். வெள்ளைக்கருவிலுள்ள இப்புரதம் பயோட்டின் என்னும் வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வேகவைத்தால் பிடி தளரும். 1927இல் மார்கரெட் போவாஸ் எலிகளுக்கு உலர்ந்த வெள்ளைக்கருவையே புரதமாகக் கொடுத்தபோது முடி கொட்டியது, தோல் புண்ணானது. அந்த எலிகளின் துயரம் மெய். வாரத்துக்கு இரண்டு முட்டை தின்னும் லாப்ரடாரை அவற்றின் வாரிசாக்குவதுதான் கொஞ்சம் அதிகம். மேலும், மஞ்சள்கருவில் பயோட்டின் நிறைய உண்டு. தடையும் ஈடும் ஒரே ஓட்டுக்குள்தான். நாள்தோறும் வெள்ளையை மட்டும் ஊட்டும் வீட்டில்தான் இந்த அச்சத்துக்கு வேலை. அத்தகைய வீடு, மஞ்சள்கரு யார் தட்டுக்குப் போகிறது என்ற தனி விசாரணைக்கு உரியது.

இரண்டாம் ஆயுதம் சால்மொனெல்லா. இதில் நகைக்க ஒன்றுமில்லை. நோய்க்குறி எதுவும் காட்டாத நாயின் மலத்திலும் இக்கிருமி வெளியேறலாம். கிண்ணம் கழுவுபவரும், தரையில் தவழும் குழந்தையும், முகத்தை நக்கவிடுபவரும்தான் மாட்டிக்கொள்வார்கள். வேகாத விலங்குப் புரதத்தை ஊட்ட வேண்டாமென்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் சொன்னதும் இத்தகைய கிருமிகளை முன்னிட்டே. முட்டையை நன்றாக அவித்தால் இரண்டு ஆயுதங்களும் ஒருசேர மழுங்கும். ஆனால், அவித்த முட்டைக்கு இயக்கம் நடத்த யாரும் முன்வருவதில்லை.

ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம். எலும்பில்லா இறைச்சி தருவோர் அதைப் பொடித்துத் தூவுவர். முழு முட்டை கிடைத்த நாய், அதை முதலில் வீட்டின் விலையுயர்ந்த கம்பளத்துக்குத்தான் கவ்விச் செல்கிறது. இந்தத் தேர்வு மேலாய்வுக்கு உரியது.

ஒரு முட்டையில் சுமார் 70 கலோரி. 30 கிலோ நாய்க்கு அது நொறுக்குத் தீனி. 4 கிலோ பூனைக்கோ அன்றைய தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பூனைக்கு டாரின் என்னும் சத்து உணவிலிருந்தே வர வேண்டும். முட்டையில் அது சொற்பம் என்பதால், இறைச்சிக்கு முட்டை மாற்றாகாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்கரு போதும். அதையும் பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்தால், கிண்ணத்தை நாயின் பக்கம் தள்ளுவதே வழக்கிலுள்ள நடைமுறை.